பச்சைக் குழாய், சிவப்புக் குழாய்: வங்கதேச வீட்டுக் கிணறுகளில் ஆர்சனிக் சோதனையின் வரலாறு

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கதேசக் கிராமங்களில் வண்ண டப்பாவும் தூரிகையுமாகச் சிலர் வீடு வீடாகப் போனார்கள். முற்றத்து அடிபம்பின் நீரைச் சோதித்துவிட்டு அதன் வாயில் பச்சையோ சிவப்போ அடித்தார்கள். பச்சையென்றால் குடிக்கலாம். சிவப்பென்றால் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம்; குடிக்கவும் சமைக்கவும் ஆகாது. ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் இப்படிச் சோதிக்கப்பட்டன. அவற்றில் சுமார் 14 லட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு விழுந்தது. அந்த நீரைக் குடித்து ஒரு தலைமுறையே வளர்ந்த பிறகுதான் இந்தச் சோதனை வந்தது. ஏன் இத்தனை தாமதம்? சோதிக்கும் வசதி இல்லாததால் அல்ல, எதைச் சோதிக்க வேண்டும் என்ற கேள்வி எழாததால்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1970கள் வரை அங்கே கிராமத்தாரில் பெரும்பாலோர் குளத்து நீரையும் ஆற்று நீரையும்தான் குடித்தார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயின. நாடு விடுதலை பெற்றபின் யூனிசெஃப் அமைப்பும் அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் ஆழமில்லாக் குழாய்க் கிணறுகளை ஊரூராக இறக்கின. மண் இளகிய வண்டல் என்பதால் பெரிய எந்திரம் வேண்டியதில்லை. நாலைந்து ஆட்கள் மூங்கில் சாரம் கட்டிக் குழாயை மேலும் கீழும் இழுப்பார்கள். ஒருவர் சாரத்தின் மேல் உட்கார்ந்து உள்ளங்கையாலேயே குழாய் வாயை மூடித் திறந்து சேற்றை வெளியேற்றுவார். ஓரிரு நாளில் கிணறு தயார். செலவும் குறைவு. ஆகவே அரசு நட்டதைவிட மக்கள் தாமாக நட்டவையே விரைவில் பல மடங்கு பெருகின. முற்றத்தில் சொந்தக் குழாய் இருந்தால் வீட்டுப் பெண்கள் அடுத்த வீட்டு வாசலில் குடத்தோடு காத்திருக்க வேண்டாம். அது கௌரவமும்கூட.

இந்த நீர் நல்ல நீர் என்று நம்பியதற்கு அன்றைய அறிவியலில் ஆதாரம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குடிநீர்ச் சோதனை என்றாலே கிருமிச் சோதனை என்ற பழக்கம் வேரூன்றியிருந்தது. மண்ணடுக்குகளின் வழியே வடிந்து இறங்கிய நீரில் மலக்கிருமி குறைவு. கிருமி தவிர உப்பையும் இரும்பையும் கவனித்தார்கள், அவை நாக்கிலேயே தெரிந்துவிடும் என்பதால். ஆர்சனிக்கிற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்று கேட்டாலே கொலையும் தற்கொலையும் நினைவுக்கு வரும் இந்த நஞ்சை, குழந்தைகளைக் காக்க நட்ட குழாயில் யார் தேடுவார்?

தேடும் கருவியோ கொலை வழக்கிலிருந்தே வந்திருந்தது. இங்கிலாந்தின் பிளம்ஸ்டெட்டில் ஒரு முதியவரைக் காப்பியில் நஞ்சிட்டுக் கொன்றதாக அவருடைய பேரன்மீது 1833இல் வழக்கு நடந்தது. வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷ் ஆர்சனிக்கைக் கண்டறிந்தார். ஆனால் நடுவர் குழுவுக்குக் காட்டும் நேரத்தில் சான்று கெட்டுப்போயிருந்தது. பேரன் விடுதலையானான். அந்த ஆற்றாமையில் மார்ஷ் புதிய சோதனை ஒன்றை உருவாக்கி 1836இல் வெளியிட்டார். துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாக வெளியேறிக் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். 1879இல் குட்சைட் என்ற வேதியியலர் அதைக் காகிதத்தில் கறை விழும் எளிய முறையாக மாற்றினார். வங்கதேசத்தில் பயன்பட்ட களச் சோதனைப் பெட்டிகளுக்கு அடிப்படை இதுதான்: பாட்டில் நீரில் அமிலத்தூளும் துத்தநாகப் பொடியும் போட்டு, மெர்குரிக் புரோமைடு தோய்த்த தாளை மூடியில் வைத்தால், ஆர்சனிக்கின் அளவுக்கேற்ப அது மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறும். நூறாண்டுக்கு மேலாகக் கையிலிருந்த முறை.

முதல் எச்சரிக்கை நீர் ஆய்வகத்திலிருந்து வரவில்லை, தோல் மருத்துவரிடமிருந்து வந்தது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் கே. சி. சாஹா, உள்ளங்கையிலும் பாதத்திலும் முரடு தட்டி, உடலில் கரும்புள்ளிகளோடு வந்த மேற்கு வங்கக் கிராமத்தாரின் நோய்க்குக் கிணற்று நீரின் ஆர்சனிக்கே காரணம் என்று 1983 வாக்கில் அடையாளம் கண்டார். பின்னர் எல்லை தாண்டி வந்த நோயாளிகளும் அவரிடம் வந்தார்கள். ஒரே வண்டல், ஒரே நீரடுக்கு; நடுவில் கோடு மட்டும்தான் அரசியல். ஆனாலும் வங்கதேசத்தில் சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டக் கிணறுகளில் ஆர்சனிக் உறுதியானது 1993இல்.

அந்த இடைவெளியில்தான் 1992ஆம் ஆண்டின் அறிக்கை வருகிறது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் மத்திய, வடகிழக்கு வங்கதேசத்தின் நிலத்தடி நீரை ஆராய்ந்து, பல தனிமங்களுக்குச் சோதித்தது. அந்தப் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பிற்பாடு வங்கதேசக் கிராமவாசி ஒருவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார். ஆய்வகத்துக்கு அவர்பால் சட்டப்படியான கடமை எதுவும் இல்லை என்று 2006இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் வரலாற்று ஆய்வாளனுக்கு அந்தப் பட்டியலே சாட்சி.

காரணம் பற்றிய விளக்கம் 1998இல் தெளிவடைந்தது. இமயத்திலிருந்து வந்த வண்டலில் இரும்பு ஆக்சைடுமீது ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. மண்ணில் புதைந்த தாவர மக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள், உயிர்வளி இல்லாத ஆழத்தில் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. இதனால் நச்சு ஊருக்கு ஊர் மட்டுமல்ல, வீட்டுக்கு வீடு மாறும். ஒரு முற்றத்தில் சிவப்பு, முப்பது மீட்டர் தள்ளிப் பச்சை. மாதிரிக் கணக்கு நாட்டின் நிலவரத்தைச் சொல்லும்; ஒரு தாய் எந்தக் குழாயில் குடம் வைப்பது என்று சொல்லாது. ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிக்கும் திட்டம் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கியது அதனால்தான்.

அதிலும் குறை இருந்தது. தொடக்ககாலப் பெட்டிகள் குறைந்த அளவுகளில் தடுமாறின; யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி குழு 2002இல் இதைக் கடுமையாக விமர்சித்தது. ஒரு வகைப் பெட்டியில் காத்திருக்கும் நேரத்தை 20 நிமிடத்திலிருந்து 40 ஆக்கினாலே முடிவு திருந்துகிறது என்று பின்னர் தெரிந்தது! ஆனாலும் சோதனை வீண்போகவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் ஆராய்ந்த வங்கதேசத்தின் ஆராய்ஹசார் பகுதியில், தங்கள் கிணறு சிவப்பென்று அறிந்த குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறின. வேறு எந்தத் தொழில்நுட்பமும் இவ்வளவு மலிவாக இதைச் சாதித்ததாகத் தெரியவில்லை.

பெருந்திட்டம் முடிந்ததும் வண்ணம் மங்கியது. மக்கள் புதுக் குழாய்களை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அவற்றைச் சோதிக்க ஆளில்லை. கட்டணம் வைத்தால் என்ன ஆகும் என்பதை அதே சிக்கலுள்ள பீகாரில் நடந்த ஆய்வு காட்டியது. 10 ரூபாய் என்றபோது 69 விழுக்காட்டினர் சோதனையை வாங்கினார்கள். 50 ரூபாய் என்றபோது 22 விழுக்காட்டினர்தான்.

பச்சை என்பதன் எல்லையும் இன்னும் தீராத விவகாரம். உலக சுகாதார நிறுவனம் 1993இல் ஆர்சனிக் வரம்பை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. வங்கதேசம் 50ஐ விடவில்லை. 2001இல் வெளியான தேசிய அளவீட்டின்படி ஆழமில்லாக் கிணறுகளில் 27 விழுக்காடு 50க்கு மேல், 46 விழுக்காடு 10க்கு மேல். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஐந்தில் ஒரு கிணறு, அரசின் கணக்கில் பச்சைதான்.