பெருவழுதி பொறித்த காசு

சங்கப் பாடல்களில் பயிலும் காசு என்னும் சொல் பெரும்பாலும் அங்காடியில் கைமாறும் நாணயத்தைச் சுட்டுவதன்று. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் கிளி தன் அலகில் பற்றிய வேப்பம் பழத்துக்கு, அணியில் கோப்பதற்காக விரல் நுனியில் பற்றிய பொற்காசினை அள்ளூர் நன்முல்லையார் உவமை கூறுவார். ஆண்டுக் காசு அணிகலனின் ஓர் உறுப்பே. பதிற்றுப்பத்தின் பதிகங்களோ பரிசிற் கணக்கைக் காணத்தால் கூறும். அரிசில்கிழார் பெற்றது 9 நூறாயிரம் காணம். பெருங்குன்றூர்கிழார் பெற்றது 32,000 காணம். காணம் என்பது கொள்ளுக்கும் பெயராதலின், அது முதற்கண் ஓர் எடையளவாக இருந்திருத்தல் கூடும். ஆகவே, மூவேந்தரும் தம் பெயரால் காசு வெளியிட்டனரா என்னும் வினாவுக்கு இலக்கியத்தை மட்டும் கொண்டு விடை காணல் அரிதாயிற்று.

பழங்காசுகளே கிடைக்கவில்லை என்பதன்று. திருநெல்வேலிப் பகுதிக் காசுகளைப் பற்றி லோவெந்தால் என்னும் பாதிரியார் 1888இலேயே நூலொன்று வெளியிட்டார். யானையும் மீனும் பொறித்த சதுரச் செப்புக் காசுகள் பாண்டியருடையவை என்பதில் ஐயம் இருந்ததில்லை. எந்தப் பாண்டியர், எந்தக் காலத்தவர் என்பதிலேதான் இடர்ப்பாடு. எழுத்தில்லாக் காசு தன் குடியைச் சொல்லும். தன் தலைவனைச் சொல்லாது. அவ்விடைவெளியில் நின்றே, பாட்டில் வரும் வேந்தர்கள் பாட்டில் மட்டும் வாழ்ந்தவர்கள் போலும் என ஐயுற்றுப் பேசுவார்க்கு வாய்ப்பும் இருந்தது.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் உழுது போட்ட வயல்களில் உலோகம் காட்டும் கருவியோடு நடந்து பழங்காசு தேடுவது பலர்க்குப் பொழுதுபோக்கு. தமிழகத்தில் அக்கருவியின் வேலையைச் செய்தவை சல்லடையும் தட்டுமே. மதுரையில் வைகையும் கரூரில் அமராவதியும் வற்றிக் கிடக்கும் திங்கள்களில் ஆற்று மணலை அரித்துப் பொன்துகளும் பழைய உலோகத் துண்டும் தேடிப் பிழைத்தவர்கள் உண்டு. பொன் கிடைத்தால் அன்றைய கூலி. செம்போ ஈயமோ கிடைத்தால் அது பழைய உலோகம் வாங்குவோரிடம் நிறுத்து விற்கப்படும். பல்லவன் காசோ பாண்டியன் காசோ, தராசுத் தட்டில் யாவும் ஒன்றே. அங்ஙனம் உருக்கு உலைக்குச் சென்றவற்றுள் எழுத்துடையன எத்தனை என்பதை இனி எவராலும் எண்ணிக் கூறவியலாது. மணல் அரித்தவரைக் குறை கூறுவதும் பொருந்தாது. பசித்தவனுக்குக் களிம்பேறிய செம்பில் எழுத்துத் தெரிதல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது கற்றோரின் பேதைமை.

களிம்பு நீக்குதலே காசாய்வின் முதற் பணி. மிகுதியான காசுகள் அழிவதும் அப்பணியிலேதான். செப்புக்குடத்தைப் புளியிட்டு விளக்கிப் பழகிய கை, பழங்காசையும் அவ்வாறே விளக்க விழையும். பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பு உட்பகுதியை விட்டுப் பெரிதும் பிரிந்து நிற்கும். எழுத்தின் வரம்பு பல வேளைகளில் அக்களிம்புப் படலத்திலேயே தங்கியிருக்கும். புளியின் காடி படலத்தைக் கரைத்தால் எழுத்தும் உடன் கரையும். பளபளக்கும் ஒரு செப்புத் துண்டு எஞ்சும். அதன் விலை செம்பின் விலையே.

தினமலர் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021) இத்தகைய காசுகளைத் தேடித் திரட்டியவர். நாள்தோறும் செய்தித்தாள் நடத்தும் பணியினிடையே பிராமி எழுத்தைப் பயின்று, காசுகளைத் தூய்மை செய்யும் முறையையும் கற்றார். 1980களில் அவர் கைக்கு வந்த ஒரு சதுரச் செப்புக் காசு தமிழ் நாணயவியலின் போக்கை மாற்றியது. அது அகழாய்வுக் குழியிலிருந்து வந்ததன்று. வணிகர் வழி வந்தது. ஒரு புறம் குதிரை. அதன் மேலே தமிழ்ப் பிராமி எழுத்துகள். மறுபுறம் கோட்டுருவாக்கிய மீன். எழுத்துகளைக் கூட்டிப் படித்தபோது பெருவழுதி என்றிருந்தது.

ஐந்தே எழுத்துகள். அவற்றுள் நான்காவதான ழுகரமே இங்குத் தலையாய சான்று. வடபுலத்துப் பிராமியில் ழகரத்துக்கு வடிவம் இல்லை. ழ, ள, ற, ன ஆகியவற்றைக் குறிக்கத் தமிழ் எழுதியோர் தாமே குறியீடுகளை அமைத்துக்கொண்டனர். எனவே அக்காசை வெளியிட்டவன் தன் பெயரைப் பிராகிருத மரபுக்கு ஏற்பத் திரித்துக்கொள்ளாமல், மக்கள் நாவில் வழங்கியவாறே பொறித்தான் எனத் துணியலாம். வணிக வழக்கில் பிராகிருதம் பரவியிருந்த காலத்தில் இது சிறு செய்தியன்று.

ஒரு காசில் எழுத்து முழுமையாக அமைதலும் அரிது. அச்சின் பரப்பைவிடச் செப்புத் தகடு சிறிதாகவோ, அச்சு ஓரமாக விழுந்தோ இருப்பின் முதலெழுத்தோ இறுதியெழுத்தோ தகட்டுக்கு வெளியே போய்விடும். ஒரு காசில் முன்பாதியும் மற்றொன்றில் பின்பாதியும் கண்டு இணைத்துப் படித்தல் வேண்டும். ஏட்டுச்சுவடியில் செல்லரித்த சீரை மற்றொரு படியால் நிரப்பிய பதிப்பாசிரியர்களின் உழைப்பும் இத்தன்மையதே. போலிகளும் கலந்திருக்கும். வார்த்தெடுத்த போலியின் விளிம்பில் இணைப்புக் கோடும், பரப்பில் நுண்ணிய குமிழித் தடமும் காணப்படுவதுண்டு. அச்சில் அடித்த காசில் அவை இரா.

பெயர் படித்தாயிற்று, பெயருக்கு உரியவன் யார்? பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கானப்பேரெயில் கடந்த உக்கிரப் பெருவழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி எனப் புறநானூற்று மரபு பலரைக் கூறும். அடைமொழிகள் யாவும் புலவரும் தொகுத்தோரும் தந்தவை. காசில் அடைமொழிக்கு இடமில்லை. குதிரையை வேள்விக் குதிரையாகக் கொண்டு இவன் முதுகுடுமியே என முடிவு கட்டுவார் உளர். நெட்டிமையார் அவன் வேள்விகளைப் பாடியுள்ளமையும், வேள்விக்குடிச் செப்பேடு அவன் பெயரை நினைவிற் கொண்டுள்ளமையும் அவர்தம் கருத்துக்குத் துணையாகின்றன. எனினும் குதிரை வேள்விக்கு மட்டும் உரியதன்று. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது; போர்க்களத்துக் குதிரைக்கோ அளவில்லை. மேலும், மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டில் நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் என்பானும் வழுதி என்ற பெயரோடு காணப்படுகிறான். வேந்தரைச் சார்ந்தோரும் அப்பெயரைத் தாங்கினர் என்றால், பெயரொற்றுமை ஒன்றே ஓர் அரசனை மற்றோர் அரசனிடமிருந்து பிரித்துக் காட்டப் போதாது. பாண்டியன் ஒருவன் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் தமிழ்ப் பெயருடன் காசு வெளியிட்டான் என்ற அளவில் நிற்பதே முறை. முதுகுடுமி என்று சொல்ல நெஞ்சம் விழைகிறது. அதனாலேயே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

சேரர் காசுகளிலும் இதே இன்பமும் இதே இடரும் உள்ளன. கரூர்ப் பகுதியில் கிடைத்த வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஆடவன் ஒருவனின் தலையுருவமும் அதன் மேல் மாக்கோதை என்ற எழுத்தும் உள்ளன. மிளகு வாங்க வந்த உரோமரின் வெள்ளிக் காசுகள் அதே கரூரில் மிகுதியாகக் கிடைத்திருத்தலின், முகம் பொறிக்கும் வழக்கம் அவற்றைக் கண்டு எழுந்தது என்பர் அறிஞர். மாக்கோதை என்றதும் புறநானூற்றின் 245ஆம் பாடல் நினைவில் எழாமல் இராது. தேவியை ஈமத்தீயில் இட்ட பின்னும் தன் உயிர் போகவில்லையே என்று தன்னையே நொந்த சேரமான், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. கைம்மைத் துயரைக் கணவன் பாடிய அருமையான பாட்டு அது. காசிலுள்ள முகம் அவனுடையதாயின், சங்கப் புலவர் ஒருவரின் உருவம் நமக்குக் கிட்டியதாகும். ஆயினும் கோதை என்பது சேரர் பலர்க்கு வழங்கிய பெயர்; குட்டுவன் கோதை எனப் பொறித்த காசும் உண்டு. முகம் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் சான்று இன்னும் வரவில்லை.

சேரர் வகையில் ஒரு நற்பேறு, புகழூர்க் கல்வெட்டு. கரூரை அடுத்த அம்மலையில் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையாகப் பெயர் சுட்டப்படுகின்றனர். ஐராவதம் மகாதேவன் 1960களில் அதனைத் தெளிவுறப் படித்தார். கொல்லிப்பொறை எனப் பொறித்த காசுகள் பின்னர் அறியப்பட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்கக் கல்லெழுத்து ஆயத்தமாக இருந்தது. கிருஷ்ணமூர்த்தி தம் ஆய்வுகளைத் தொகுத்துச் சங்ககாலத் தமிழ்க் காசுகள் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1997இல் வெளிவந்தது. பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய பணியை ஓர் இதழாசிரியர் செய்தார் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இனி மதிப்பு. காசு வணிகர் எடையையும் தெளிவையும் அருமையையும் பார்த்து விலை கூறுவர். எழுத்துத் தெளிவாக இருப்பின் விலை பன்மடங்காகும். அவ்விலையே போலி செய்வாரையும் வளர்க்கும். சட்டத்தின் கணக்கு வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். சில கிராம் எடையுள்ள ஒரு செப்புக் காசைச் செம்பாக மட்டும் நிறுத்தால் இன்றைய விலையிலும் அந்த 10 ரூபாயை எட்டாது. வரலாற்றாசிரியர் கேட்கும் விலையோ மற்றொன்று. இது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, உடன் கிடந்த பானை ஓடு எத்தகையது, அருகில் உரோமக் காசு இருந்ததா என்பனவே அவர் வினாக்கள். ஆற்று மணலில் கிடைத்த காசுக்கு அடுக்கு இல்லை. வெள்ளம் அதனை எங்கிருந்தோ பெயர்த்துக்கொண்டு வந்தது. வாங்கியவர்க்கு விற்றவர் சொன்ன ஊர்ப்பெயரே சான்று. பெருவழுதிக் காசின் காலத்தை எழுத்தின் வடிவம் கொண்டு கணிக்க நேர்ந்ததும் இதனாலேயே. பொருந்தலிலும் கீழடியிலும் கிடைத்த எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் தமிழ்ப் பிராமியின் காலத்தைப் பின்னுக்குக் கொண்டுசெல்வதாகக் கூறப்படும்போதெல்லாம் காசின் காலமும் மீண்டும் வழக்காடு மன்றம் ஏறுகிறது. வழுதியின் பெயர் பொறித்த மற்றொரு காசு, அடுக்குக் கலையாத அகழாய்வுக் குழியொன்றில், காலம் அறியப்பட்ட பொருள்களோடு கிடைக்கும் நாளில் அவ்வழக்கு முடியும்.