வளர்த்த முத்தும் கம்ப்யூட்டர் இசையும்

"கம்ப்யூட்டரில் செய்வதெல்லாம் இசையா சார்?" என்று கேட்டார் பழைய மாணவர் ஒருவர். மைக் ஓல்ட்ஃபீல்டின் 'தி சாங்ஸ் ஆஃப் டிஸ்டன்ட் எர்த்' ஆல்பத்தைப் பற்றிய பேச்சு அது.

1973-இல் 'டியூபுலர் பெல்ஸ்' வந்தபோது அந்த ராக் கலைஞருக்கு வயது 20. ஏறத்தாழ எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாக டேப்பில் பதிந்தார். 1994-இல் வந்த இந்த ஆல்பத்தில் சிந்தசைசர்தான் முன்னே நிற்கிறது. நிலவைச் சுற்றிய அப்பல்லோ 8 வீரரின் குரலோடு தொடங்குகிறது. பழைய ரசிகர் சிலருக்கு மனக்குறை. சிலருக்கோ இதுதான் அவரது உச்சம்.

கதை நமக்கு அந்நியமில்லை. கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் ஆசையில் 1956-இல் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கின் 1986-ஆம் ஆண்டு நாவல் அது. பூமி அழிந்தபின் மனிதர் வாழும் ஒரு கடல் கிரகத்தைப் பற்றியது.

அக்கரைக் கதை அது. இக்கரையிலும் இதே வழக்கு உண்டு. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் 1961-ஓடு நின்றது. டியூபுலர் பெல்ஸ் வந்த அதே 1973-இல், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இங்கே சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டியது. சிப்பியைக் கீறி, சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைப்பார்கள்.

அதைச் 'செயற்கை முத்து' என்றுதான் வகுப்பில் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். தவறு. மணியை வைத்தது மனிதன் கை. அதன்மேல் படலம் படலமாக ஒளியைப் பூசியது சிப்பியின் உயிர்.

அந்த மாணவருக்கும் இதையே சொன்னேன். கம்ப்யூட்டர் உள்ளே வைத்த மணிதான். ஓல்ட்ஃபீல்டின் கிட்டார் எழும் இடத்தைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.