பழைய காரைக் கொடுத்துப் புதிய கார்: சாவி கைமாறும் முன் அறிய வேண்டியவை

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் ஓர் உறையை என் கையில் கொடுத்தார். வேறொரு மாவட்டத்தின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து வந்த நோட்டீஸ் அது. அவருடைய கார் மோதி ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டதாகவும், காருக்கு நடப்பில் இன்சூரன்ஸ் இல்லை என்றும் அதில் இருந்தது.

"ஹஜ்ரத், அந்தக் காரை நான் கொடுத்து ஒன்றரை வருஷமாச்சு" என்றார்.

அவர் புதிய செடான் வாங்கியபோது எக்ஸ்சேஞ்சில் விட்ட கார் அது. விலையைக் கணக்கில் கழித்தார்கள், சாவியை வாங்கிக்கொண்டார்கள், புதிய காருக்கு மாலை போட்டுக் குடும்பத்தோடு படமும் எடுத்துக் கொடுத்தார்கள். பழைய காரின் ஆர்.சி.யில் மட்டும் அவர் பெயர் அப்படியே இருந்துவிட்டது.

எக்ஸ்சேஞ்ச் என்பது பார்வைக்கு ஒரே வியாபாரம். உண்மையில் அது இரண்டு: நாம் ஒரு காரை விற்கிறோம், இன்னொரு காரை வாங்குகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு, தனிப் பத்திரம் உண்டு, தனிப் பொறுப்பும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான் பணமும் போகிறது, வம்பும் வருகிறது.

பிலால் (ரலி) கொண்டு வந்த பேரீச்சம்பழம்

பிலால் (ரலி) அவர்கள் ஒருமுறை உயர்ந்த ரகப் பேரீச்சம்பழத்தை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். தம்மிடம் இருந்த தரம் குறைந்த பழத்தில் இரண்டு ஸாஉ கொடுத்து, இதில் ஒரு ஸாஉ வாங்கியதாகச் சொன்னார்கள். இது ரிபா என்று நபியவர்கள் தடுத்தார்கள். நல்ல பழம் வேண்டுமானால் இருப்பதைத் தனியாக விற்று, அந்தக் காசில் நல்லதை வாங்கும்படி வழிகாட்டினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அப்படியானால் கார் எக்ஸ்சேஞ்சும் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கூடும். அந்தத் தடை தங்கம், வெள்ளி, கோதுமை, பார்லி, பேரீச்சை, உப்பு ஆகியவற்றுக்கும், அவற்றோடு அறிஞர்கள் சேர்த்துச் சொன்னவற்றுக்கும் உரியது. கார் அந்த வகையில் வராது. பழைய காரையும் மேற்கொண்டு பணத்தையும் கொடுத்துப் புதிய கார் வாங்குவதில் மார்க்கத் தடை இல்லை.

ஆனாலும் நபியவர்கள் காட்டிய வழியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கையில் இருக்கும் பொருளின் மதிப்பை முதலில் காசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்பது மறையாமல் தெரியும்.

ஷோரூம் கணக்கை எப்படிப் பார்ப்பது?

புதிய காரின் விலையைக் கேட்கும்போது, நம்மிடம் பழைய கார் எதுவும் இல்லை என்பது போலவே கேட்க வேண்டும். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், உதிரி அலங்காரப் பொருட்கள், தள்ளுபடி என எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். அதன்பின் பழைய காருக்கு விலை கேளுங்கள். அந்த ஒரு ஷோரூமோடு நிற்காமல், பழைய கார் வாங்கும் இன்னும் இரண்டு இடங்களிலாவது காட்டுங்கள்.

ஓர் உதாரணம். முதல் ஷோரூம் உங்கள் பழைய காருக்கு 9 லட்சம் தருகிறது. புதிய காரில் தள்ளுபடி இல்லை. இரண்டாவது ஷோரூம் 8 லட்சம்தான் தருகிறது. ஆனால் அதே புதிய காரில் ஒன்றரை லட்சம் குறைக்கிறது. "என் காருக்கு 9 லட்சம் கிடைத்தது" என்று மகிழ்பவர் உண்மையில் 50,000 ரூபாயை இழக்கிறார். பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: கடைசியில் நம் கையிலிருந்து போகும் தொகை.

எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பதும் பழைய காரின் விலை அல்ல. புதிய காரில் தரப்படும் தள்ளுபடிக்கு இன்னொரு பெயர். பழைய காரை வெளியில் விற்றுவிட்டு வந்தால் அந்தத் தொகையில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அதே நேரம் டீலர் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். அவர் காரைச் சீர்செய்து, வைத்திருந்து, விற்க வேண்டும். பதிவுபெற்ற வியாபாரி பழைய காரில் பெறும் லாபத்தின் மீது 2025 ஜனவரி முதல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. ஆகவே நேரடியாக ஒருவருக்கு விற்றால் கிடைப்பதைவிட அவர் சற்றுக் குறைவாகத்தான் தருவார். அந்த வித்தியாசம் நம் அலைச்சலுக்கான விலை. அது நமக்குத் தகுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

சொகுசு ஸ்போர்ட்ஸ் செடானின் முழு விலை

நான்கு கதவுகளும், குடும்பம் அமர இடமும், ஸ்போர்ட்ஸ் காரின் வேகமும் சேர்ந்ததே ஸ்போர்ட்ஸ் செடான். 1975ல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் இவ்வகையில் உலகறிந்த பெயர். செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007ல் திறக்கப்பட்ட தொழிற்சாலையில் இந்தக் கார்கள் பூட்டப்படுகின்றன. 2021ல் வந்த எம்340ஐ மாடலும் அங்கே பூட்டப்பட்டதுதான். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் தொடும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

ஹலாலான வருமானத்தில், கடமைகளை நிறைவேற்றிவிட்டு, நல்ல வாகனம் வாங்குவது தவறல்ல. ஆனால் விலைப் பட்டியலில் உள்ள எண் முழு விலை அல்ல.

இத்தகைய பெட்ரோல் கார்களுக்கு முன்பு 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் 20 விழுக்காடு செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி, மொத்தம் 40 விழுக்காடு ஆனது. இது எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடங்கிவிடும். அதன்பின் வருவது தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 விழுக்காடும், 20 லட்சத்துக்கு மேல் 20 விழுக்காடும் கட்ட வேண்டும். 60 லட்ச ரூபாய்க் கார் என்றால் சாலை வரி மட்டும் 12 லட்சம். நம் ஊர்களில் பல குடும்பங்கள் அந்த 12 லட்சத்தில் ஒரு நல்ல காரே வாங்கிவிடும். இதுதவிர 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 விழுக்காடு டி.சி.எஸ். பிடிப்பார்கள். இது வருமான வரிக் கணக்கில் நமக்கு வரவு வைக்கப்படும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விற்கும்போது, கட்டிய சாலை வரியைத் தனியாக எவரும் திருப்பித் தருவதில்லை. காரின் மதிப்பும் வேகமாக இறங்கும். இன்சூரன்ஸ் கணக்கில் முதல் ஆண்டு முடிவதற்குள் 15 விழுக்காடு கழிக்கிறார்கள்; ஐந்தாம் ஆண்டில் பாதி போய்விடுகிறது. இன்று நாம் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் காரைப் போலவே, இன்று வாங்கும் காரும் ஒரு நாள் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும்.

அன்றாடச் செலவும் உண்டு. பக்கச்சுவர் குறுகிய டயர்கள் நம் சாலைப் பள்ளங்களில் எளிதில் அடிபடும். பல மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது. பிரேக், டயர், ஆயில் எல்லாமே சாதாரணக் காரைவிடப் பல மடங்கு விலை. ஐந்தாண்டு இன்சூரன்ஸையும் சர்வீஸையும் இப்போதே கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

தவணையும் வட்டியும்

மீதித் தொகைக்கு வங்கிக் கடன் என்றவுடன் வட்டி வந்துவிடுகிறது. அது ஹராம் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனால் தவணை வியாபாரம் வேறு. விற்பவரே தவணைக்கென்று ஒரு விலையை நிர்ணயித்து, அது கூடாமல் இருந்தால், ரொக்க விலையைவிட அது அதிகமாக இருந்தாலும் செல்லும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. ஒரு வியாபாரத்தில் இரண்டு வியாபாரம் கூடாது என்ற ஹதீஸுக்கு திர்மிதியில் ஒரு விளக்கம் உண்டு: ரொக்கத்துக்கு இவ்வளவு, தவணைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, எது என்று முடிவாகாமலே பிரிவது. ஆகவே எந்த விலை என்பது கையெழுத்துக்கு முன் ஒன்றாக முடிவாக வேண்டும்.

"பூஜ்ய வட்டி" விளம்பரங்களில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி இதில் போய்விடுகிறதா? செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு? ஒரு தவணை தாமதமானால் கூடுதல் தொகை ஏறுமா? பதில்களை எழுத்தில் வாங்கி, உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பலர் மறக்கும் இன்னொன்று ஜகாத். நாம் ஓட்டும் காருக்கு ஜகாத் இல்லை. ஆனால் கார் வாங்கச் சேர்த்து வைத்த பணம் நிஸாபை அடைந்து, ஓராண்டு நிறைவானால் அதில் இரண்டரை விழுக்காடு ஏழைகளின் பங்கு.

குறையை மறைக்காதீர்கள்

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். முஸ்லிம் நூலில் உள்ள செய்தி இது.

நம் காரும் நனைந்திருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் நின்றன. பெரிய விபத்தில் அடிபட்டுச் சரிசெய்தது, ஏர்பேக் ஒருமுறை விரிந்தது, கியர் பாக்ஸில் கோளாறு என்று நமக்குத் தெரிந்ததை டீலரிடம் சொல்ல வேண்டும். "அவர்கள் ஆள் வைத்துப் பார்த்துத்தானே எடுத்தார்கள்" என்பது பதிலாகாது. கிலோமீட்டர் மீட்டரைக் குறைத்துக் காட்டுவது அப்பட்டமான மோசடி. நாளை அந்தக் காரில் ஏறப்போவது டீலர் அல்ல. நாம் அறியாத ஒரு குடும்பம். நாம் மறைத்த பழுதான பிரேக்கை நம்பி அவர்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்வார்கள்.

பத்திரங்கள்: சாவிக்கு முன், சாவிக்குப் பின்

1. பழைய காரில் கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கொடுத்து, ஆர்.சி.யில் ஹெச்.பி. கேன்சல் ஆனதை உறுதி செய்யுங்கள்.

2. பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. விற்பவர் தெரிவிக்கப் படிவம் 29, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள். வெளிமாநிலத்துக்குப் போனால் படிவம் 28ல் என்.ஓ.சி. வேண்டும். தேதி போடாத வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

4. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன டீலர்களுக்கு அங்கீகாரச் சான்று முறை வந்துள்ளது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காரை விடும்போது படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்தால், அதன்பின் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். டீலரின் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

5. ஒப்படைத்த தேதி, நேரம், மீட்டர் அளவு எழுதி, டீலர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட டெலிவரி ரசீது வாங்குங்கள்.

6. இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாமைக்கான என்.சி.பி. சலுகை காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. தொடர்ந்து ஐந்தாண்டு கிளெய்ம் இல்லையென்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை குறையும். பழைய நிறுவனத்திடம் கடிதம் வாங்கிப் புதிய காருக்குக் கொண்டு வரலாம். மூன்று ஆண்டு வரை செல்லும்.

7. ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். காரின் திரையில் இணைந்திருக்கும் செல்போன் எண்கள், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அழியுங்கள். அதில் நம் வீட்டுப் பெண்களின் எண்களும் இருக்கும்.

8. ஒரு மாதம் கழித்துப் பரிவாஹனில் பழைய எண்ணை மீண்டும் பாருங்கள். பெயர் மாறவில்லை என்றால் டீலருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக

கார் பலர் கைமாறிய பிறகும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்திருக்கிறது. நம் சகோதரரின் நிலையும் அதுதான். அவரிடம் டெலிவரி ரசீதுகூட இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்து ஏறிப் போய்வருகிறார். முதல் வாய்தா அன்று, கால் முறிந்த அந்த மனிதரின் வீட்டையும் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொத்தனார் வேலை செய்பவர். ஏழு மாதமாக வேலைக்குப் போகவில்லை.

"கேஸ் எப்படி முடிந்தாலும் அவருக்கு ஏதாவது செய்யணும் ஹஜ்ரத். ஒரு ஃபாரத்தை நான் கவனிச்சிருந்தா, வாங்கினவன் இன்சூரன்ஸ் அவன் பேரில் போட்டிருப்பான்" என்றார்.

புதிய காரில் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறும் முன், பழைய காரிலிருந்து நம் பெயர் இறங்கிவிட்டதா என்று பாருங்கள்.