‘இன் த கஸ்டடி ஒஃப்’: முறைப்பாட்டில் தவறவிடக்கூடாத ஒரு தொடர்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுக்கு முறைப்பாடுகளையும் சத்தியக்கடதாசிகளையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்து வருகிறேன். அண்மையில் ஓர் அம்மா தனது பழைய முறைப்பாட்டின் பிரதியைக் கொண்டுவந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்ததாகத் தமிழில் சொல்லியிருந்தார். ஆங்கிலப் பிரதியிலோ, மகன் வட்டுவாகலில் ‘மிஸ்ஸிங்’ என்று மட்டுமே இருந்தது. ஒப்படைத்தவரும் இல்லை, பொறுப்பேற்றவரும் இல்லை.

இவ்விடத்தில் வரவேண்டிய தொடர் ‘இன் த கஸ்டடி ஒஃப்’. கஸ்டடி என்ற பெயர்ச்சொல்லுக்கு இங்கே தடுத்துவைத்திருத்தல் என்று பொருள். ‘ஒஃப்’ என்பதற்குப் பின் தடுத்துவைத்திருப்பவர் யாரென்று எழுத வேண்டும். ‘இன் த கஸ்டடி ஒஃப் த ஆர்மி’ என்றால் இராணுவத்தின் தடுப்பில் என்று பொருள். ‘இன் கஸ்டடி’ என்று நிறுத்திவிட்டால், யாருடைய தடுப்பு என்பது தெரியாது.

நடுவிலுள்ள ‘த’வையும் விடக்கூடாது. இதே அமைப்பிலுள்ள இன்னொரு தொடரைப் பாருங்கள். ‘இன் பொசெஷன் ஒஃப்’ என்றால் ஒருவர் ஒரு பொருளை வைத்திருக்கிறார். ‘இன் த பொசெஷன் ஒஃப்’ என்றால் அந்தப் பொருள் ஒருவரிடம் இருக்கிறது. அந்தச் சிறுசொல்லால் வைத்திருப்பது யார் என்பதே மாறிவிடுகிறது.

பிடித்துச் சென்றதைச் சொல்லும்போது ‘இன்’ பொருந்தாது. ‘டேக்கன் இன்டு கஸ்டடி பை’ என்று எழுதி, பிடித்தவரைக் குறிப்பிட வேண்டும். குடும்பத்தினரே ஒப்படைத்திருந்தால் ‘ஹாண்டட் ஓவர் டு’. கடைசியாகக் கண்ட சாட்சி ‘லாஸ்ட் சீன் இன் த கஸ்டடி ஒஃப்’ என்று எழுதலாம்.

இது வெறும் இலக்கணம் அல்ல. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அரச தரப்பினர் ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்துவிட்டு, அதை மறுப்பதோ அவருக்கு நேர்ந்ததை மறைப்பதோ அதன் வரைவிலக்கணத்தின் மையம். வைத்திருந்தவர் யார் என்பது வசனத்திலேயே இல்லையென்றால், முறைப்பாட்டின் அடித்தளமே ஆட்டம் காணும்.

அந்த வசனத்தைத் திருத்தி எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். “இப்பதான் தம்பி நான் சொன்னது இதில இருக்கு” என்றார் அம்மா.

ஆங்கிலக் கடதாசியில் கையொப்பம் வைக்கமுன், அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘ஆரிட்ட இருந்தவர் எண்டு இதில இருக்கோ?’ என்று கேளுங்கள். கண்டதை மட்டும் எழுதுவியுங்கள். கண்டதில் எதையும் விடவேண்டாம்.