மலையுச்சியிலும் விண்வெளியிலும் ரிப்பீட்டர்

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 சுமந்து சென்ற ஹாம்சாட், அமெச்சூர் வானொலியாளர்களுக்கென்றே இஸ்ரோ உருவாக்கிய 42.5 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள். அதிலிருந்த இரு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று இந்தியத் தயாரிப்பு. மற்றொன்று நெதர்லாந்து மாணவர் வில்லியம் லெயனார் உருவாக்கியது. ஓர் ஆர்வலரின் கைவேலை இஸ்ரோவின் கோளில் ஏறியது சிறு செய்தியன்று. 435 மெகாஹெர்ட்ஸில் கேட்டதை 145 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்புவதே அதன் பணி.

மலையுச்சிகளில் ஹாம்கள் தாமே அமைக்கும் ரிப்பீட்டரும் செய்வது அதையே. ஆனால் அங்கே கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். தன் குரலே தன் காதை அடைத்துவிடும். அதைத் தடுப்பது கேவிட்டி டூப்ளெக்சர். அதைச் சரியாக இசைவித்து முடிப்பதற்குள் பொறுமை கரைந்துவிடும். மற்றவை ஒப்பீட்டளவில் எளியவை. இரு பழைய வயர்லெஸ் கருவிகளுக்கிடையே முன்பு ரிலேயும் டைமரும் பார்த்த வேலையை இன்று ஒரு மலிவான மைக்ரோகண்ட்ரோலர் பார்க்கிறது. குரல் வந்ததும் ஒலிபரப்பியை இயக்கும். எவரேனும் அளவு மீறிப் பேசினால் நிறுத்தும். இடையிடையே அழைப்புக்குறியை மோர்ஸில் ஒலிக்கும்.

ஹாம்சாட் ஒன்பது ஆண்டுகள் உழைத்தது. 2014 ஜூலையில் அதன் மின்கலம் செயலிழந்தது. சென்று மாற்ற எவராலும் இயலவில்லை. செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்துவிடும் புயல் நாளில் மலையுச்சிப் பெட்டியும் அடங்கிப்போனால், புதிய மின்கலத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் மலையேறலாம்.