விளக்கா, சிற்பமா? இசாமு நொகுச்சியின் காகித விளக்குகள்



வெண்ணிறக் காகித உருண்டை விளக்குகள் இன்று பல இல்லங்களின் வரவேற்பறைகளில் தொங்குகின்றன. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அவ்வுருண்டைகளுக்கு முன்னோடியாக ஒரு சிற்பியின் படைப்பு உண்டு என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இசாமு நொகுச்சி 1904ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தார். தந்தை யோனே நொகுச்சி ஜப்பானியக் கவிஞர். தாய் லியோனி கில்மர் அமெரிக்க எழுத்தாளர். 1927இல் பாரிசில் சிற்பி பிரான்குசியிடம் உதவியாளராக இருந்து கல்லையும் மரத்தையும் கையாளக் கற்றார். எனினும், சிற்பம் காட்சிக்கூடத்தோடு நின்றுவிடலாகாது என்பதே அவர் கொள்கை. அவர் வடிவமைத்த கண்ணாடி மேசையை ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

1951ஆம் ஆண்டு ஜப்பானின் கிஃபு நகருக்குச் சென்றார். காகித விளக்குகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நலிந்து வந்த அக்கைத்தொழிலுக்குப் புத்துயிர் அளிக்குமாறு நகரத் தலைவர் அவரை வேண்டினார். மெழுகுவத்திக்குப் பதில் மின்குமிழைப் பொருத்தும் புதிய வடிவங்களை நொகுச்சி வரைந்தார். ஒளி எனப் பொருள்படும் 'அகாரி' என்னும் பெயரையும் சூட்டினார்.

செய்முறையோ பழைமையானது. மர அச்சின்மீது மெல்லிய மூங்கில் இழையைச் சுருளாகச் சுற்றுவர். முசுக்கட்டை இன மரப்பட்டையிலிருந்து செய்த காகிதத்தை அதன்மேல் ஒட்டுவர். காய்ந்ததும் அச்சைப் பகுதி பகுதியாகக் கழற்றி வெளியே எடுப்பர். விளக்கைத் தட்டையாக மடித்துவிடலாம். ஆகவே, சிறு பெட்டியில் அடைத்துக் கடல்கடந்து அனுப்புவதும் எளிது. இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் உருவாயின.

வீட்டில் எரியும் விளக்கு கலையாகுமா? 1986இல் வெனிஸ் கலைக்கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் பங்கேற்றபோது, நொகுச்சி கற்சிற்பங்களோடு அகாரி விளக்குகளையும் வைத்தார். அக்காட்சிக்கு அவர் இட்ட தலைப்பே ஒரு வினா: 'சிற்பம் என்றால் என்ன?' இரண்டாண்டுகளுக்குப் பின், 1988இல் அவர் மறைந்தார். வினா இன்னும் மறையவில்லை.

என்னைப் பொறுத்தவரை, பயன் தருவதனால் ஒரு பொருளின் கலைத்தன்மை குன்றிவிடுவதில்லை. ஆனால் இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. உலகம் நினைவில் வைத்திருப்பது நொகுச்சியின் பெயரை. அவர் வரைந்த கோட்டுக்கு உருக்கொடுத்தவையோ கிஃபு கைவினைஞரின் விரல்கள். ஓவியம் வரைபவர் 'கலைஞர்', மூங்கில் வளைப்பவர் 'தொழிலாளி' என்று பிரித்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அப்பிரிவினை பிள்ளைகளின் மனத்தில் கைத்தொழிலைத் தாழ்த்திவிடுகிறது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! வீட்டிலுள்ள ஒரு பாயையோ கூடையையோ விளக்கையோ பிள்ளைகளின் கையில் கொடுங்கள். 'இதை எப்படிச் செய்திருப்பார்கள்?' என்று கேளுங்கள். கலைப்பாடம் அங்கிருந்தும் தொடங்கலாம் அல்லவா?