படுக்கைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பலகை

மோட்டார் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லப்படும் வீடுகளுள் மிகச் சிறியதும் மிக எளியதுமான ஒன்று, முன்புறம் திரண்டு பின்புறம் சரிந்து ஒடுங்கும் நீர்த்துளியின் வடிவத்தில், 1930-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சாலைகளில் தோன்றிற்று. டியர்டிராப் டிரெய்லர் என்று அந்நாட்டார் அழைக்கும் அவ்வண்டியின் நீளம் 8 அடி. அகலம் 4 அடி. உயரமும் 4 அடிதான். இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம், எழுந்து உட்காரலாம். நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் வெளியே இறங்கித்தான் நிற்க வேண்டும். பின்புறத்துக் கூரையைப் பெட்டியின் மூடியைப்போல் மேலே தூக்கினால், அதனடியில் அடுப்பு மேடையும் அலமாரிகளும் அடக்கமாக அமைந்திருக்கும். சமைப்பவர் பூமியில் நின்றபடியே சமைப்பார். படுக்கையையும் அடுக்களையையும் பிரித்து நடுவே நிற்பது ஒரு பலகைத் தடுப்பு. இவ்வண்டியைத் தம் கையாலேயே செய்துகொள்ள விரும்பிக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்த எவரும், அந்தத் தடுப்பை எந்த அங்குலத்தில் நிறுத்துவது என்ற கேள்வியைத் தீர்க்காமல் மேலே ஒரு கோடும் போட்டுவிட முடியாது.

அடுக்களையை வண்டியின் வாலில் வைக்கும் யோசனை மோட்டாரைவிட மூத்தது. உள்நாட்டு யுத்தம் முடிந்த மறு வருஷமாகிய 1866-இல், டெக்ஸாஸிலிருந்து நியூ மெக்ஸிகோ பிரதேசத்துச் சம்னர் கோட்டை வரையில் பெரியதொரு மாட்டு மந்தையை ஓட்டிச் செல்ல ஆயத்தம் செய்த சார்ல்ஸ் குட்நைட் என்பவர், ராணுவத்தார் கழித்துவிட்ட ஸ்டூடிபேக்கர் வண்டி ஒன்றை எடுத்து, வைரம் பாய்ந்த மரத்தால் அதைப் புதுப்பித்து, அதன் பின்புறத்தில் பல தட்டுகளும் இழுப்பறைகளும் கொண்ட ஒரு பெட்டியைப் பொருத்தினார். அப்பெட்டியின் கதவுக்குக் கீல் கீழ்ப்புறத்தில் இருந்தது. கதவைத் திறந்து கீழே சாய்த்து, அதற்கு முட்டாக ஒரு மரக்காலை ஊன்றினால் அதுவே மாவு பிசையும் மேஜையாயிற்று. மாவும் உப்பும் காபிக் கொட்டையும் அவரை விதையும் சமையற்காரனின் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன; மாடு ஓட்டிகளின் படுக்கைச் சுருட்டுகளோ வண்டியின் முன் தொட்டியில் கிடந்தன; நெருப்பு மட்டும் வண்டியை விட்டு விலகித் தரையில் எரிந்தது. முன்னே படுக்கை, பின்னே சமையல், இரண்டுக்கும் நடுவே பெட்டியின் முதுகுப் பலகை என்ற இந்த ஏற்பாட்டில், ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின்னால் வரவிருந்த துளி வண்டியின் உள்ளமைப்பு முழுவதும் அடங்கிவிட்டது. துளி வண்டியைச் செய்தவர்கள் குட்நைட்டை நினைத்துத்தான் செய்தார்கள் என்று நான் வாதிக்க வரவில்லை. ஒரே நிர்ப்பந்தம் ஒரே விடையை இரண்டு தரம் தந்தது என்றே கொள்கிறேன்.

இடைப்பட்ட காலத்தில் வசதி படைத்த பிரயாணிகளின் ருசி வேறு வழியில் சென்றது. வீட்டையே சுருக்கிச் சக்கரத்தின்மேல் ஏற்றுவதே அவர்கள் லட்சியம். டெட்ராயிட் நகரத்துக் ‘கவர்டு வாகன்’ நிறுவனம் முதலானவை 1930-களில் செய்து விற்ற டிரெய்லர்களில், உள்ளே நின்று சமைப்பதற்கு அடுப்பும் உட்கார்ந்து உண்பதற்கு மேஜையும் இருந்தன. அந்த மோகத்தின் உச்சத்தில் ரோஜர் பாப்ஸன் என்ற பொருளாதார நிபுணர், இருபது ஆண்டுகளுக்குள் அமெரிக்க ஜனங்களில் பாதிப்பேர் இத்தகைய வண்டிகளில்தான் வசிப்பார்கள் என்று ஆரூடம் கூறினார். அவ்வாரூடம் பலிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய பாரத்தை இழுப்பதற்கு ஏற்ற மோட்டார் சாதாரணக் குடும்பஸ்தனிடம் எங்கே இருந்தது? 1928 முதல் 1931 வரையில் விற்ற போர்டு கம்பெனியின் ‘மாடல் ஏ’ வண்டியின் சக்தி 40 குதிரைத் திறன். அதில் நாலு பேர் ஏறி மலைச்சாலையில் போவதே ஒரு சாதனை. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய அந்தப் பத்தாண்டில், பழைய மோட்டாரும் கொஞ்சம் கைத்திறனும் ஓரிரு வார ஓய்வும் மட்டுமே உடையவனுக்கு வேண்டியிருந்தது வேறு விதமான வண்டி.

அவனுக்கு அதைக் கொடுத்தது ஒரு பசை என்று சொன்னால் மிகையாகாது. மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, நார் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் செய்யும் ஒட்டுப்பலகையை, 1905-இல் ஆரகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில் நடந்த கண்காட்சியிலேயே டக்ளஸ் பர் மரத்தில் செய்து காட்டியிருந்தார்கள். 1928-இல் 4 அடிக்கு 8 அடி என்ற அளவில் ஒரே சீரான பலகைகள் கட்டிட வேலைக்காகச் சந்தைக்கு வந்தன. ஆயினும் நல்ல மழையில் நனைந்தால் ஏடுகள் பிரிந்துகொண்டு உப்பிப் போகும் என்ற குறை நீங்காமல், கதவுக்கும் மேஜைக்கும் மட்டுமே அது உகந்தது என்ற அபிப்பிராயம் நிலவியது. வாஷிங்டன் மாகாணத்து அபர்டீனில் ஹார்பர் பிளைவுட் கம்பெனியின் ரசாயன நிபுணராக இருந்த ஜேம்ஸ் நெவின், தண்ணீருக்கு அசையாத பசையை 1934-இல் கண்டுபிடித்த பிறகுதான், வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய வண்டிக்கு ஒட்டுப்பலகையை நம்பி உபயோகிக்கத் துணிந்தார்கள். துளி வண்டியின் நீளமும் உயரமும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும். ஒரு பலகையைப் படுக்கவைத்து அதன்மேல் வளைகோடு வரைந்து அறுத்தால் ஒரு பக்கச் சுவர். மற்றொரு பலகையில் மறுபக்கச் சுவர். மூன்றாவது பலகை அப்படியே தரை. ஆலைக்காரன் நிர்ணயித்த அளவையே வீடாக ஏற்றுக்கொண்டவனுக்குச் சேதாரம் வளைகோட்டுக்கு வெளியே விழுந்த மூலைத் துண்டுகள் மட்டுமே.

வளைகோடு எதற்கு என்று கேட்கலாம். காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவங்களின்மேல் உலகமே மயங்கிக் கிடந்த காலம் அது. 1921-இல் பெர்லினில் ரும்ப்ளர் என்பவர் துளி வடிவத்திலே ஒரு மோட்டார் வண்டியைக் காட்சிக்கு வைத்திருந்தார். 1934 மே 26-ஆந் தேதி பர்லிங்டன் செஃபிர் என்ற ரயில் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 1,015 மைலைப் பதின்மூன்று மணி ஐந்து நிமிஷத்தில் கடந்து எல்லாரையும் பிரமிக்கச் செய்தது. துளி வண்டியும் அந்தப் பைத்தியத்தின் குழந்தைதான் என்று சரித்திரக்காரர்கள் எழுதுவது வழக்கம். எனக்கோ, மணிக்கு 40, 45 மைல் வேகத்தில், தன்னைவிட உயரமான மோட்டாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து செல்லும் வண்டிக்குக் காற்றின் அனுக்கிரகம் அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. படுத்திருக்கும் மனிதனுக்குத் தலைப்பக்கத்தில்தான் உயரம் வேண்டும், எழுந்து உட்காருவதற்கு. கால் பக்கத்தில் போர்வை அசைய இடமிருந்தால் போதும். தலை முன்புறமும் கால் பின்புறமுமாகப் படுப்பவனைச் சுற்றி ஒரு கோடு போட்டால் கிட்டத்தட்டத் துளியின் வடிவந்தான் வரும். காலுக்கு மேலே வெறுமையாகக் கிடக்கும் இடத்தை அலமாரியாக்கி, அதன் வாயைப் பின்புற அடுக்களைப் பக்கம் திருப்பிவிடுவதுதான் இவ்வண்டியின் சாமர்த்தியம் அனைத்தும்.

இனி அங்குலக் கணக்குக்கு வருவோம். 8 அடி என்பது 96 அங்குலம். அமெரிக்கக் கடைகளில் கிடைத்த இருவர் மெத்தையின் நீளம் 75 அங்குலம், அகலமோ 54. வண்டியின் அகலம் 48 அங்குலத்தைத் தாண்டாதாகையால் கடை மெத்தை உள்ளே நுழையாது. அளவெடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். சக்கரங்களும் அவற்றின் மூடிகளும் சுவருக்கு வெளியே நின்றபடியால், அந்த 48 அங்குலத்தில் எதுவும் துருத்திக்கொண்டு படுக்கையைக் கெடுக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். படுக்கைக்கு 75, 76 அங்குலம் போனால் அடுக்களைக்கு மிஞ்சுவது 20 அங்குலம். பின்சுவரின் சரிவும் பலகைகளின் கனமும் போக இன்னும் குறைவு. அதற்குள் இரட்டை அடுப்பு, 25 பவுண்டு பனிக்கட்டியைத் தாங்கும் பெட்டி, தண்ணீர்ப் பாத்திரம், தட்டுகள், ரொட்டி எல்லாம் அடங்க வேண்டும். நெட்டையன் தடுப்பை இரண்டு அங்குலம் பின்னே தள்ளுவான். அவன் மனைவி பனிக்கட்டிப் பெட்டியை நினைத்து முன்னே இழுப்பாள். சண்டையைத் தீர்க்க ஒரு வழியும் உண்டு. தடுப்பை ஒரே நேர்ச்சுவராக நிறுத்தாமல், மேடைக்குக் கீழே ஓரிடத்திலும் மேடைக்கு மேலே வேறோரிடத்திலுமாக முறித்து நிறுத்தினால், கீழே படுப்பவனின் பாதம் நீள இடமும், மேலே அவன் முழங்கால்களின் உயரத்தில் ஆழமான அலமாரியும் கிடைத்துவிடும். இதைக் காகிதத்தில் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் பிற்பாடு வருந்துகிறார்கள். கொட்டகைத் தரையில் சாக்குக்கட்டியால் முழு அளவில் கோடு போட்டு, அட்டைப் பெட்டிகளை அலமாரிகளாக அடுக்கி, அதற்குள் தாமே படுத்துப் புரண்டு, இருட்டில் எழுந்து உட்காரும்போது நெற்றி எதில் இடிக்கிறது என்று சோதித்துப் பார்ப்பவர்களே விவேகிகள்.

மேடையின் உயரத்தில் ஓர் அழகு இருக்கிறது. வண்டியின் தரை சாலையிலிருந்து ஏறத்தாழ 16 அங்குலம் உயர்ந்திருக்கும். அதன்மேல் 18 அல்லது 20 அங்குல உயரத்தில் மேடையை அமைத்தால், பூமியில் நிற்பவருக்கு அது 34 முதல் 36 அங்குலம், அதாவது அமெரிக்க வீட்டுச் சமையலறை மேடையின் உயரமே ஆகிவிடுகிறது. உள்ளே நிற்கும் பெரிய டிரெய்லர்காரன் தன் தலைக்காகக் கூரையை ஆறரை அடிக்குத் தூக்க வேண்டும். அதற்கேற்பச் சுவர், அதற்கேற்பப் பாரம், அதற்கேற்ப மோட்டார். துளி வண்டிக்காரனோ நிற்கும் உயரத்தை ஆகாயத்திடம் கடன் வாங்கிக்கொள்கிறான். அடுப்புப் புகையும் எண்ணெய்ச் சிதறலும் தீப்பற்றும் அபாயமும் படுக்கைக்கு வெளியே நின்றுபோவது மேலும் ஒரு லாபம். இரண்டு பேர் மூச்சிலேயே விடியற்காலையில் சுவரெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துவிடும் அத்தனை சிறிய அறையில், குழம்புச் சட்டியின் ஆவியையும் சேர்த்தால் என்ன ஆகும்?

தடுப்பை எங்கே வைப்பது என்பது பாரத்தையும் பொறுத்தது. மாட்டு வண்டி ஓட்டுபவர் எவரும் முன்பாரம் பின்பாரம் பார்க்காமல் மூட்டை ஏற்றுவதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். இங்கும் அதுவே சட்டம். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், ஏறக்குறைய 15 சதவிகிதம் வரையில் முன் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் வண்டி சாலையில் பாம்புபோல் நெளியத் தொடங்கும், வேகம் ஏற ஏற நெளிவும் ஏறும். பனிக்கட்டியும் தண்ணீரும் டப்பாக்களும் வாலில் குவிவதால் அச்சை அதற்குத் தக்கபடி பின்னே தள்ளி அமைக்க நேர்ந்தது. ஆகவே அலமாரியில் எதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவனே, தெரிந்தோ தெரியாமலோ, அச்சின் ஸ்தானத்தையும் தீர்மானிக்கிறான்.

யுத்தம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. 1942 ஜனவரியில் டயருக்குப் பங்கீடு. பிப்ரவரியில் சொந்த உபயோகத்துக்கான மோட்டார் உற்பத்தி நின்றது. டிசம்பரில் நாடெங்கும் பெட்ரோல் பங்கீடு. 1945 ஆகஸ்டில் பெட்ரோல் பங்கீடு நீங்கியதும், மூன்றரை வருஷ காலம் வீட்டில் அடைபட்டவர்கள் வெள்ளமாகப் புறப்பட்டார்கள். போர் விமானங்களுக்காக வார்த்துக் குவித்த அலுமினியத் தகடு மலிந்து, மரத் துளிகளெல்லாம் வெள்ளிக் கவசம் அணியத் தொடங்கின. உள்நாட்டு யுத்தத்தின் மிச்சத்தில் குட்நைட்டின் வண்டி பிறந்ததுபோல, உலக யுத்தத்தின் மிச்சத்தில் இது செழித்தது. கலிபோர்னியாவில் 1945-இல் தொடங்கிய கிட் கம்பெனி இவற்றைச் செய்து விற்றது. விலை கொடுத்து வாங்க மனமில்லாதவர்களுக்கு 1947-இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை செய்முறைப் படங்களோடு விளக்கம் வெளியிட்டது. அப்படிச் செய்தவர்கள் அனைவரையும் ஒரே இடம் படுத்தியது: தூக்கும் மூடியின் கீல். ஓடும்போது அடிக்கும் மழை முழுவதும் கூரை வழியே வழிந்து சேருமிடம் அந்தக் கீல்தான். ரப்பர்த் துண்டையோ மெழுகுத் துணியையோ அதன்மேல் ஒட்டித் திருப்தியடைந்தவன், பொழுது விடிந்து மூடியைத் தூக்கும்போது, தேங்கிய நீரெல்லாம் சர்க்கரை டப்பாவில் கொட்டக் கண்டான்.

ஐம்பதுகளின் இறுதியில் இவற்றின் செல்வாக்கு ஓய்ந்தது. மோட்டாரின் சக்தி பெருகிற்று. 1956-இல் மாகாணங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் இயற்றப்பட்டது. குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, உள்ளேயே நின்று, உள்ளேயே சமைத்து, உள்ளேயே குளிக்கவும் ஆசைப்பட்ட குடும்பங்களுக்கு 4 அடிக் கூண்டு எம்மாத்திரம்? பல வண்டிகள் வீட்டுக் கொல்லையில் கோழி அடையவும் தட்டுமுட்டுப் போடவும் பயன்பட்டன. மறுபடியும் மவுசு வந்தது 1990-களில். இப்போது செய்பவர்கள் 60 அங்குல அகல மெத்தையை அப்படியே நுழைக்கும் பொருட்டு வண்டியை 5 அடிக்கு விரித்துக்கொள்கிறார்கள்; நடுநிசியில் ஒருவர்மேல் ஒருவர் ஏறித் தாண்டாமல் இறங்குவதற்காகப் பக்கத்துக்கு ஒரு கதவு வைக்கிறார்கள்; மின்கலத்தைக் கொக்கிக்கு அருகில் ஒரு பெட்டியில் வைத்து அடுக்களையின் பின்பாரத்துக்கு ஈடுகட்டுகிறார்கள். இவையெல்லாம் நல்ல சீர்திருத்தங்கள். ஆனால் படுத்தபடியே காபி வாங்கிக் குடிக்கலாம் என்று தடுப்புப் பலகையில் சிறு ஜன்னல் அறுத்துக்கொள்ளும் புதிய வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பலகை வலுவிழக்கிறது, பன்றிக் கொழுப்பு வறுபடும் நெடி மெத்தையில் ஏறி, ஊர் திரும்பும் வரையில் இறங்குவதில்லை, போதாக்குறைக்கு, கதவு இரண்டடி தூரத்தில் இருக்கிறது.